காளைக் கேனும் லின்ட்சேயின் உச்சந்தலையும்

மலைமேல் இருக்கிற எங்கள் மலாண்டா பக்கம் மேய்கிற கன்றுகளில் பாதிக்கு இவன்தான் அப்பா என்று லின்ட்சே என்னைக் காட்டிச் சொல்வான். கல்யாணம், மாட்டு ஏலம், சாவு வீடு, எங்கே புது ஆள் கிடைத்தாலும் என் தோளில் தட்டி இப்படித்தான் அறிமுகப்படுத்துவான். நாற்பது வருஷமாகச் சொல்லியும் அவனுக்கு அலுக்கவில்லை. எனக்கு அலுத்து, பிறகு அது இல்லாவிட்டால் என்னவோபோல் ஆகிவிட்டது.

நான் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவன். பெயர் நெவில். காளையை இங்கே யாரும் பண்ணை பண்ணையாக ஓட்டிக்கொண்டு போவதில்லை. காளையின் விந்து மெல்லிய குழாய்களில் அடைபட்டு, திரவ நைட்ரஜன் ஊற்றிய பெரிய கேனுக்குள் என் கொட்டகையில் இருக்கும். எவன் வீட்டுப் பசு கத்தினாலும் எனக்குப் போன் வரும், நான் கேனிலிருந்து ஒரு குழாயை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். மரியாதையான தொழில்தான், சாப்பாட்டு மேஜையில் விளக்கமாகச் சொல்ல முடியாதே தவிர.

என் புத்தி கெட்டது டாக்டரின் அறையில். எங்கள் ஊர் வெயிலுக்கும் எங்கள் வெள்ளைத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஐம்பதைத் தாண்டிய யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டையைக் கழற்றிவிட்டு டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். அவர் உடம்பெல்லாம் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் குடுவையைத் தூக்கி, வெயில் பட்டு முளைத்த நாலைந்து புள்ளிகளில் புஸ் புஸ்ஸென்று அடிப்பார். கொஞ்சம் எரியும், பொருக்குத் தட்டும், உதிர்ந்துவிடும். குடுவைக்குள் என்ன டாக்டர் என்று ஒருநாள் கேட்டேன். திரவ நைட்ரஜன் என்றார்.

அதே சரக்கு என் கொட்டகையில் முப்பது லிட்டர் இருக்கிறது. டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், என்னைப் பார்க்கக் கதவைத் தட்டினால் போதும். முதலில் என் முழங்கையில் இருந்த ஒன்றைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, அந்தக் கடுங்குளிரால் சுட்டேன். அழகாக உதிர்ந்தது. அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரன் வந்தான், அவன் மச்சினன் வந்தான், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள்கூட வந்தார். பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைப்பேன். ஒரு புள்ளிக்கு ஆறு பீர், அந்த அம்மாளுக்கு மட்டும் இலவசம். டாக்டருக்கு எந்தப் புள்ளி சாது, எந்தப் புள்ளி போக்கிரி என்று பார்க்கிற கண் இருந்தது. எனக்கு இருந்தது கேன் மட்டும்தான். இந்த வித்தியாசம் உறைக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

லின்ட்சே என் பக்கத்துப் பண்ணை. நூற்றைம்பது கறவை மாடு, ஒரே மனைவி மார்லீன், முப்பது வயதிலேயே வழுக்கை. அந்த வழுக்கையின் உச்சியில் பழுப்பாக ஒன்று முளைத்தபோது அவனும் என் கிரேட்டில் வந்து உட்கார்ந்தான். சுட்டேன், உதிர்ந்தது. அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி வந்தது. இந்தத் தடவை கறுப்பு.

"என்னடா, போன வருஷம் சுட்டது திரும்ப எட்டிப் பாக்குது?"

"உன் வேலை அவ்வளவு சுத்தம்."

"கறுப்பா இருக்குடா. டாக்டர்கிட்ட காட்டேன்."

"கன்னு போடுற நேரம். பேசாம வச்சு அழுத்து."

அழுத்தினேன். கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினேன், இனிமேல் வராதபடிக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவனுக்குக் காது அடைத்துக்கொண்டது. காதைக் கழுவப் போன இடத்தில் ஊர் டாக்டர் தலையைப் பார்த்தார். காதை விட்டுவிட்டுத் தலையை வெட்டினார், அதாவது அங்கே மறுபடி முளைத்திருந்த புள்ளியை, சோதனைக்காக. பத்து நாளில் பதில் வந்தது: மெலனோமா, தோலில் வருகிற பொல்லாத புற்றுநோய். கெய்ன்ஸில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் டிரானைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மார்லீனுக்குப் பால் கறவை, லின்ட்சேக்குத் தலையில் கட்டு. அதனால் வண்டி ஓட்டுகிற வேலை எனக்கு வந்தது. வழியெல்லாம் நாங்கள் கால்பந்தைப் பற்றி மட்டும் பேசினோம். எனக்கு அதில் ஒரு வார்த்தையும் ஞாபகமில்லை.

டாக்டர் டிரான் முப்பதைத் தொட்ட பெண். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்.

"லின்ட்சே, இந்தப் புள்ளி எப்ப வந்துச்சு?"

"கிறிஸ்துமஸுக்கு."

"அதுக்கு முன்னாடி அந்த இடத்துல எதுவும் இல்லையா?"

"பளபளன்னு இருந்துச்சு டாக்டர். மாடெல்லாம் முகம் பாக்கும்."

"யாராவது சுட்டாங்களா? உறைய வச்சாங்களா? சுரண்டினாங்களா?"

"யாரும் கிட்டயே வரல. எம் பொண்டாட்டியே வர்றதில்ல."

நான் சுவரில் மாட்டியிருந்த தோலின் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்தேன். அதில் ஒரு மயிர்க்கால் பனைமரம் உயரத்துக்கு வரைந்திருந்தார்கள்.

டாக்டர் அறிக்கையைப் புரட்டினார். "ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன். மெலனோமா சில பேருக்கு மூளைக்குப் போகும். யாருக்குப் போகும்னு உறுதியா சொல்ல முடியாது, யாருக்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு சொல்லலாம். பொம்பளைங்கள விட ஆம்பளைங்களுக்கு ஜாஸ்தி. காலுல கையில வந்தவங்கள விட தலையில வந்தவங்களுக்கு ஜாஸ்தி. உங்களுக்கு இது ரெண்டும் இருக்கு."

"தலையத் திருப்பிக் குடுத்துரலாம். ஆம்பளைங்கறதுதான் கஷ்டம். மார்லீனும் நாப்பது வருஷமா திருத்தப் பாக்குறா."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. "மத்ததெல்லாம் உங்க பக்கம் இருக்கு. ஆழமா போயிருந்தா பயப்படணும், உங்களுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மேல புண்ணாகி உடைஞ்சிருந்தா பயப்படணும், அப்படி எழுதல. கழுத்துல கழலை இருந்தா பயப்படணும், கைக்கு எதுவும் தட்டுப்படல. ரத்தமும் நல்லா இருக்கு. அதனால இப்ப மூளைக்கு ஸ்கேன் தேவையில்ல. சுத்தி இன்னும் கொஞ்சம் தோல எடுத்துட்டு, அப்பப்ப பாத்துக்குவோம்."

லின்ட்சே எழுந்தேவிட்டான். எனக்கு மட்டும் நாற்காலி விடவில்லை. அவர் சொன்ன ஆழத்தைப் பற்றி ஒன்று கேட்டாக வேண்டியிருந்தது.

"டாக்டர், சும்மா ஒரு சந்தேகம். மேல் பாகம் மட்டும் முன்னாடியே சுட்டுப் போயிருந்தா, இந்த ஆழம் சரியா வருமா?"

"வராது. மேல உள்ளது போயிருந்தா மிச்சத்தத்தான் அளந்திருப்போம். அந்த அளவ நம்ப முடியாது. ஏன் கேக்குறீங்க?"

"பொது அறிவுக்கு."

லின்ட்சேயின் பால்பண்ணை பூட்ஸ் ஒன்று என் கால் விரல்கள்மேல் ஏறி நின்றது. இரும்பு வைத்த முனை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் எனக்கு நெஞ்சு விம்மியது. இந்த ஆள் என்னைக் காப்பாற்ற ஒரு டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறான். நாற்பது வருஷப் பழக்கம் என்றால் சும்மாவா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"எனக்காகவாடா பொய் சொன்ன?"

"வண்டிய எடு. பசிக்குது."

"அளவு தப்புடா. நான் ரெண்டு தடவை சுட்டிருக்கேன். அதச் சொன்னா ஸ்கேன் எடுப்பாங்க."

"அவங்க வேணாம்னுட்டாங்க. அவங்கள விட உனக்குத் தெரியுமா? நீ இத்தன வருஷமா பாத்தது மாட்டோட பின்பக்கம், எனக்கு வந்திருக்கிறது முன்பக்கம்."

"லின்ட்சே, நான் வெளையாடல."

"நீ வாயத் தெறந்தா வீட்டுக்குத் தெரியும். மார்லீனுக்கு இது தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

"தெரிஞ்சா என் தோல உரிச்சுருவா, அதான?"

அவன் இறங்கி எதிர்க் கடைக்குப் போய், இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் இரண்டு வாங்கி வந்தான். வண்டியிலேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தான்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பயம் எனக்காக. சினை ஊசி போடுகிறவன் மனிதத் தலையைச் சுட்டான் என்று தெரிந்தால் என் லைசென்ஸ் போகும், ஊரில் தலைகாட்ட முடியாது. இன்னொரு பயம் பக்கத்தில் உட்கார்ந்து சாஸ் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தது. அந்த மொட்டைத் தலைக்குள் ஏதாவது உட்கார்ந்திருந்தால், அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய ஒரே ஆளை நாங்கள் இருவரும் சேர்ந்து ஏமாற்றிவிட்டு வந்திருக்கிறோம். இரண்டு பயத்தையும் நிறுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் அது பொய். எனக்கு லின்ட்சே வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

"தொப்பிய உள்ள விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்."

"தொப்பி உன் தலையிலதான் இருக்கு."

"இது வேற தொப்பி."

அவன் என்னவோ கத்தினான். நான் அறுபத்தெட்டு வயதில் ஓடக்கூடிய வேகத்தில் ஓடினேன்.

டாக்டர் டிரான் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போய்க்கொண்டிருந்தார். வழியை மறித்து நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திரும்ப அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

"எதால சுட்டீங்க?"

"திரவ நைட்ரஜன். பஞ்சுக் குச்சியில தொட்டு."

"அது உங்களுக்கு எங்கேர்ந்து கெடச்சுது?"

"காளைக் கேன்லேர்ந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கேன்ல வேற என்ன இருந்துச்சு?"

"பெரும்பாலும் ஹோல்ஸ்டீன் காளைங்க. ஜெர்சியும் கொஞ்சம்."

கோபப்படுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒரு காகிதத்தை எடுத்துத் தேதிகளை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கறுப்பாக எப்போது ஆனது, ரத்தம் வந்ததா, எத்தனை நிமிஷம் அழுத்தினேன். நான் மாட்டுக்குச் சினைத் தேதி சொல்வதுபோலத் துல்லியமாகச் சொன்னேன்.

"இன்னும் எத்தன பேருக்கு இப்படிப் பண்ணியிருக்கீங்க?"

"இருபத்தி மூணு."

"இருபத்தி மூணு பேரையும் நீங்களே கூப்பிட்டு, தோலை டாக்டர்கிட்ட காட்டச் சொல்றீங்க. இன்னிக்கே. அந்தப் பஞ்சுக் குச்சியத் தூக்கிப் போடறீங்க."

"சரிங்க டாக்டர்."

"வந்து சொன்னதுக்கு நன்றி," என்றார். அதுதான் என்னை அழ வைத்தது, திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

பிறகு அவரே என்னோடு கீழே வந்தார். லின்ட்சே இரண்டாவது பலகாரத்தையும், அதாவது என்னுடையதையும், பாதி முடித்திருந்தான். டாக்டர் ஜன்னலருகே போய்க் குனிந்தார்.

"உங்க தலையில யாரும் கை வைக்கலன்னு சொன்னீங்க, லின்ட்சே."

அவன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"தொப்பி கெடச்சுதா?" என்றான்.

அடுத்த வாரம் மூளைக்கு ஸ்கேன். இந்தத் தடவை மார்லீனும் வந்தாள். விஷயத்தை லின்ட்சேதான் அவளிடம் சொல்லியிருந்தான், எப்படிச் சொன்னான் என்று தெரியாது. மலையிறங்கி முடிக்கிற வரை அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மார்லீன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அவள் கத்தினால் மூன்று பண்ணைக்குக் கேட்கும்.

ஸ்கேனில் ஒன்று இருந்தது. வலது பக்கம், முன்னால், ஆறு மில்லிமீட்டர். பட்டாணியளவுகூட இல்லை. டாக்டர் டிரான் திரையில் காட்டியபோது அது வெள்ளையாக, ஒன்றுமறியாத பிள்ளைபோல இருந்தது.

"இது நல்ல சேதி இல்ல," என்றார் டாக்டர். "ஆனா தலைவலி வந்து, வலிப்பு வந்து, அதுக்கப்புறம் கண்டுபிடிச்சிருந்தா இத விட மோசமான சேதியா இருந்திருக்கும். ஒண்ணுதான் இருக்கு, சின்னதா இருக்கு. அந்த எடத்துல மட்டும் குறிவச்சு கதிர் குடுக்கலாம். அப்புறம் மூணு வாரத்துக்கு ஒரு தடவ மருந்து ஏத்தலாம், உடம்பே அத எதுத்துப் போராடறதுக்கு."

"உள்ள மூளை இருக்குன்னாவது தெரிஞ்சுதே," என்றான் லின்ட்சே. "நெவில் நம்பவே மாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

இருபத்தி மூன்று பேரிடமும் நான் பேசி முடித்திருந்தேன். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள், சிலர் பீரைத் திருப்பிக் கேட்டார்கள். ஆர்கன் அம்மாள் மட்டும், "இலவசமா கெடச்சப்பவே யோசிச்சிருக்கணும்," என்றார். ஐந்து பேருக்கு வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. லின்ட்சேயுடையதுபோல ஒன்றும் இல்லை என்று கேட்ட அன்றைக்கு நான் கொட்டகையில் அதே கிரேட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதிர் கொடுக்கிற நாள். லின்ட்சேயின் முகத்துக்கு அளவெடுத்த வலைமுகமூடி ஒன்றை மாட்டி உள்ளே கூட்டிப் போனார்கள். "மீன்பிடிக்கப் போறேன், நான்தான் மீனு," என்று சொல்லிவிட்டுப் போனான். வெளியே நானும் மார்லீனும். நடுவில் ஒரு காலி நாற்காலி.

இனியும் தள்ளிப்போட முடியாது என்று நான் ஆரம்பித்தேன். "மார்லீன், நீ என்னோட பேச வேணாம். கேட்டா மட்டும் போதும். அந்தத் தலைய நான் தொட்டிருக்கவே கூடாது. அந்த மடையன் என்னைக் காப்பாத்தறதுக்காக டாக்டர்கிட்டயே பொய் சொன்னான். அத நெனச்சா எனக்கு—"

"உன்னையா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நாள் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அதில் கோபமே இல்லை. அழுது அழுது வீங்கியிருந்தது.

"உனக்காகப் பொய் சொன்னான்னா நெனச்ச? இத்தன நாளா? அட நெவில்."

"பின்ன யாருக்காக?"

"ரெண்டாவது தடவ அது கறுப்பா வந்தப்ப, அவன் டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டான். வியாழக்கிழமை, பத்து மணி. அன்னிக்கு நாலு மாடு கன்னு போடற மாதிரி இருந்துச்சு, வேலைக்கு வந்த பையனும் நின்னுட்டான். நான்தான் கிளினிக்குக்குப் போன் பண்ணி வேணாம்னு சொன்னேன். நெவில்கிட்ட போ, அஞ்சு நிமிஷத்துல முடிச்சுருவான்னு நான்தான் அனுப்பினேன்." அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அந்தக் கறுப்புப் புள்ளிதான் இதுன்னு எனக்குத் தெரிஞ்சா நான் தாங்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். அதனால புள்ளி கிறிஸ்துமஸுக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லிட்டான். நீ அதுல எங்கயும் இல்ல."

இத்தனை வாரமாக எனக்காகச் செய்த தியாகம் என்று நெஞ்சில் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தது ஒன்று, எனக்கு வந்ததே இல்லை. பக்கத்து வீட்டுப் பார்சலைப் பிரித்துப் பார்த்தவன்போல வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், நான் ஓடிப்போய் உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கி வைத்த இடம் இவள் தலை.

"கன்னு நல்லா பொறந்துச்சா?" என்று கேட்டேன்.

"நாலும் கெடாரி," என்றாள். பிறகு நடுவில் இருந்த காலி நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். லின்ட்சே வெளியே வருகிறவரை அங்கேயே இருந்தாள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். மூன்று பேரும் டாக்டர் டிரான் முன்னால் வரிசையாக உட்கார்ந்தோம். லின்ட்சேயின் தலையில் தோல் ஒட்டுப் போட்ட இடம் சப்பாத்தி அளவுக்கு வெளுத்திருந்தது. மருந்து அவனைக் கொஞ்சம் வதக்கியிருந்தது, வாயைத் தவிர.

"சுருங்கியிருக்கு," என்றார் டாக்டர். "பாதிக்குக் கீழ வந்திருக்கு. புதுசா எதுவும் இல்ல. குணமாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். சரியான பக்கம் போயிட்டு இருக்கு."

மார்லீன் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன், தரை கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "பதிவுக்காக ஒரு விஷயம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஊர் கிளினிக்குல நேரம் வாங்கி, அப்புறம் ரத்து பண்ணியிருக்கீங்க. இதே புள்ளிக்குத்தானா? ஏன் ரத்து பண்ணீங்க?"

"மறந்துட்டேன்," என்றான் லின்ட்சே.

"நான்தான் வேணாம்னு சொன்னேன்," என்றாள் மார்லீன்.

"நான்தான் என்கிட்ட வான்னு கூப்பிட்டேன்," என்றேன் நான். ஒருவன் மேல் ஏற்கெனவே இவ்வளவு பழி இருக்கும்போது இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று தோன்றிவிட்டது.

டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்து பண்ணது ஒருத்தர்தான் இருக்க முடியும்."

"இவனுக்குப் பொய் சொல்லக்கூட வராது டாக்டர்," என்றாள் மார்லீன். "இவன் அன்னிக்கு ஊருலயே இல்ல, மறுநாள்தான் வந்தான். போன் பண்ணது நான்."

"நீ சும்மா இரு மார்லீன்," என்றான் லின்ட்சே.

"எத்தன நாளைக்குச் சும்மா இருக்கறது? நீ என்கிட்ட மறைச்சது போதாதா?"

லின்ட்சே தொடையைத் தேய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். அவன் கேலி செய்யாமல் பேசத் தயாராவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன், அதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாது.

"எழுதிக்கங்க டாக்டர். தலை என்னோடது. எனக்குக் கால் ரெண்டும் நல்லா இருக்கு, என்னை யாரும் கயித்தக் கட்டி இவன் கொட்டகைக்கு இழுத்துட்டுப் போகல. அவ போன் பண்ணப்ப பக்கத்துலதான் நின்னேன். வேணாம், நான் போயே தீருவேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. அவ ரத்து பண்ணதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. டாக்டர் அந்த வார்த்தையச் சொல்லிருவாரோன்னு பயம். இவன் கேட்டா ஆறு பீர் கேப்பான், அவ்வளவுதான்."

டாக்டர் கொஞ்சம் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'நோயாளி பயத்தினால்' என்று மட்டும் இருந்தது.

திரும்பி வரும்போது மூவரும் பிக்கப் வண்டியின் முன் சீட்டிலேயே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம், மார்லீன் நடுவில். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் மார்லீன் மூச்சை இழுத்து என்னவோ சொல்ல வந்தாள். நானும் அதே நேரம் வாயைத் திறந்தேன். லின்ட்சே கையை உயர்த்தினான்.

"சட்டம் ஒண்ணு போடறேன். மேல போய்ச் சேர்ற வரைக்கும் இந்த வண்டியில யாரும் யார்கிட்டயும் மன்னிப்பு கேக்கக் கூடாது. மூணு மாசமா கேட்டுக் கேட்டு எனக்குக் காது மறுபடி அடைச்சுருச்சு. எவன் கேட்டாலும், எவ கேட்டாலும், அந்த வளைவுலயே எறக்கிவிட்டுட்டுப் போயிருவோம். நடந்து வரட்டும்."

"இருநூறு வளைவுக்கு மேல இருக்குடா."

"அதான் சொல்றேன். வாய மூடிட்டு வளை."

வளைத்தேன். ஓயாமல் பேசுகிற மூன்று பேர் பேச ஒன்றுமில்லாமல் காட்டைப் பார்த்துக்கொண்டு ஏறினோம். மார்லீன் இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு அடக்கிக்கொண்டாள். எனக்கும் நாக்கு நுனியில் நின்றது. ஒரு கரும்பு லாரிக்கு வழிவிட்டு, கியரை மாற்றி, பாதி மலை ஏறியிருப்போம். லின்ட்சே ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினான்.

"மார்லீன், மன்னிச்சிரு. உன்னக் காப்பாத்தறேன்னு அந்தப் பொய்யச் சொல்லிட்டு, உன்னத் தனியா விட்டுட்டே போயிருப்பேன்."

மார்லீன் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த வளைவு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.